மூட்டையோடு வந்த பூச்சி

டிஸ்கி: ராத்திரி படுக்கப் போற நேரத்துல இதைப் படிக்காதீங்க. படிச்சுட்டு உடம்பெல்லாம் அரிக்குதுன்னு என்னைத் திட்டினா நான் பொறுப்பில்லை :-)

போன மாசம் வீடு மாத்தினேன். வேளச்சேரியில் இருந்து மேடவாக்கம், பெரிய தூரம் ஒண்ணும் இல்லை. காலையில் ஆறரை மணிக்கே குட்டியானை வாசல்ல வந்து நின்னுடுச்சு. லோடு ஏத்த வந்த மூணு பேர்ல பெரியவர் ஒருத்தர், கட்டில்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி என்னைத் தனியா கூப்பிட்டு, யாருக்கும் கேக்காத குரல்ல கேட்டார். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. மூட்டப்பூச்சி கீது இருக்கா?"

இல்லை. நிஜமாவே இல்லை. ஆனா அந்தக் கேள்வியைக் கேட்டதும் முகம் ஜிவ்வுன்னு சூடாயிடுச்சு. ஏதோ திருடினியான்னு கேட்ட மாதிரி. அவர் குரலைத் தாழ்த்தினதும், நான் கூசிப் போனதும் எதனால? கொசு இருக்கான்னு கேட்டா "அய்யோ, சொல்லாதீங்க அண்ணே"ன்னு ஊர்க்கதை பேசுவோம். கரப்பான்பூச்சி இருக்கான்னு கேட்டாக் கூட சிரிச்சுக்குவோம். மூட்டைப்பூச்சின்னா மட்டும் வாய் ஒட்டிக்குது.

இந்த எடத்துல ஒரு கொசுவத்தி சுத்திக்கறேன். (மூட்டைப்பூச்சிக்குக் கொசுவத்தி வேலை செய்யாதுன்னு தெரியும். இது வேற கொசுவத்தி.)

2019. காலேஜ் முடிச்சு பொட்டி தட்ட வந்த புதுசு. ரெண்டு பெட்ரூம் வீட்டுல நாலு பேர். அதுல ஒருத்தன் தர்மபுரிப் பக்கத்துப் பையன். டிப்ளமோ முடிச்சுட்டு, வீடு வீடா போய் ஏ.சி. ரிப்பேர் பாக்குற வேலை. எங்களை விட ரெண்டு வயசு சின்னவன். எல்லாரையும் "அண்ணே"ன்னுதான் கூப்பிடுவான். நாங்க மூணு பேரும் டிராலி பெட்டியோட வந்தவங்க. அவன் ஒரு தகர டிரங்குப் பெட்டி, ஒரு ஜமுக்காளம், அவங்கம்மா கையால இலவம்பஞ்சு அடைச்சுத் தைச்ச தலையணை, இவ்வளவோட வந்தான்.

அவன் வந்து மூணு மாசத்துல ஒரு நாள் காலையில் கையெல்லாம் வரிசையா சிவப்புத் தடிப்போட எழுந்தான். அடுத்த நாளும். ஜமுக்காளத்தை உதறினப்போ ஒண்ணு விழுந்துச்சு. நசுக்கினா அந்த நாத்தம். சந்தேகமே இல்லை.

அன்னிக்கு சாயங்காலம் நாங்க மூணு இஞ்சினியர்களும் கூடி ஒரு முடிவுக்கு வந்தோம். கடி யாருக்கு? அவனுக்கு மட்டும். பூச்சி எதுல இருந்து விழுந்துச்சு? அவன் ஜமுக்காளத்துல இருந்து. கடைசியா வந்த சாமான் எது? அவனோடது. முடிஞ்சுது கேஸ். "தம்பி, உன் சாமானையெல்லாம் தூக்கிப் போட்டுடுடா, வேற வாங்கிக்கலாம்"னு சொன்னது நான்தான். வேற வாங்கிக் கொடுக்கறேன்னு சொல்லலை. வாங்கிக்கலாம்னு சொன்னேன். அவன் ஒண்ணும் பேசலை. ராத்திரியே தலையணையையும் ஜமுக்காளத்தையும் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுட்டு வந்தான். டிரங்குப் பெட்டியை மொட்டைமாடியில் வெச்சான்.

மிச்சக் கதை கடைசியில். நடுவுல கொஞ்சம் வரலாறு. அந்த சம்பவத்துக்கு அப்புறம்தான் இந்தப் பூச்சியைப் பத்தி கண்டதையும் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க, அன்னிக்கு எங்க ரூம்ல நடந்தது ஏற்கெனவே பல தடவை, பல ஊர்ல நடந்திருக்குன்னு புரிஞ்சுது.

*

முதல்ல ஆளைப் பத்தி. உலகத்துல மனுசனைக் கடிக்கிற மூட்டைப்பூச்சியில் முக்கியமா ரெண்டு இனம். குளிர்ப் பிரதேசங்கள்ல அதிகம் இருக்கிறது சிமெக்ஸ் லெக்டுலாரியஸ். நம்ம மாதிரி வெயில் ஊர்ல சிமெக்ஸ் ஹெமிப்டெரஸ். ரெண்டுக்கும் இறக்கை கிடையாது. பறக்காது, தாவாது. முட்டையில் இருந்து வந்தது முழுசா வளர அஞ்சு தடவை தோல் உரிக்கணும். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வேளை ரத்தம் வேணும். சாப்பாடு கிடைக்கலைன்னா மாசக்கணக்கா பட்டினி கிடக்கும். தெள்ளு, பேன் மாதிரி உடம்புலயே குடியிருக்காது. குடிச்சுட்டு இடுக்குக்குப் போயிடும்.

கடைசி விசயத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பறக்காத, தாவாத, உடம்புல தங்காத ஒரு பூச்சி எப்படி உலகம் பூரா போச்சு? ஒரே வழிதான். நம்ம சாமான்ல ஏறி. கட்டில் மூட்டுல, பெட்டித் தையல்ல, படுக்கைச் சுருட்டுல. தமிழ்ல மூட்டைன்னா பொதிக்கும் அதே சொல்தான், பூச்சிக்கும் அதே சொல்தான். சொல்லாராய்ச்சிக்குள்ள நான் போகலை. ஆனா மூட்டையோட வர்ற பூச்சிக்கு இதை விடப் பொருத்தமான பேர் கிடைக்காது.

இன்னொரு விசயம். கடிச்சா எல்லாருக்கும் தடிக்காது. சிலருக்குப் பயங்கரமா வீங்கும். சிலருக்கு ஒரு தடயமும் இருக்காது. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கம் போச்சு. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

எகிப்துல அமர்னான்னு ஒரு இடம், அகநாதன் என்கிற பாரோ கட்டின தலைநகரம். அங்கே வேலையாட்கள் குடியிருந்த பகுதியைத் தோண்டினப்போ மூட்டைப்பூச்சியோட மிச்சங்கள் கிடைச்சிருக்கு. கிட்டத்தட்ட 3,300 வருசப் பழசு. பழைய கிரேக்க நாடகத்துலயும் ரோமானிய நூல்கள்லயும் இதைப் பத்தி இருக்கு. நம்ம ஊர் பஞ்சதந்திரத்துலயும் இருக்கு, அந்தக் கதை முக்கியம்.

ராஜாவோட மெத்தையில் ஒரு பேன் ரொம்ப நாளா குடியிருக்கு. ராஜா நல்லாத் தூங்கினதும் அலுங்காம குடிச்சுட்டுப் போறது அதோட பழக்கம். ஒரு நாள் விருந்தாளியா ஒரு மூட்டைப்பூச்சி வருது. பாவம்னு பேன் இடம் கொடுக்குது, ராஜா தூங்கறதுக்கு முன்னாடி கடிக்காதேன்னு சொல்லி. மூட்டைப்பூச்சிக்குப் பொறுமை இல்லை. கடிச்சுடுது. ராஜா துள்ளி எழுந்திரிக்கிறான். ஆளுங்க விளக்கோட வந்து தேடுறாங்க. மூட்டைப்பூச்சி கட்டில் இடுக்குல போய் ஒளிஞ்சுக்குது. துணி மடிப்புல இருந்த பேன் மாட்டி நசுங்கிச் செத்துப்போகுது.

யாரோடயும் சேரறதுக்கு முன்னாடி யோசின்னு நீதி சொல்லுவாங்க. எனக்கு அந்த நீதி பிடிபடலை. கடிச்சது ஒருத்தன், கையில் மாட்டினது வேற ஒருத்தன். அதுதான் மனசுல தங்குச்சு.

*

இங்கிலாந்துக்குப் போவோம். ஏன் இங்கிலாந்துன்னா, இந்தப் பூச்சியைப் பத்தி அங்கே ஆளாளுக்கு நிறைய எழுதி வெச்சிருக்காங்க.

1583ல் லண்டனுக்குப் பக்கத்துல மோர்ட்லேக் என்ற ஊர்ல ரெண்டு பிரபு வீட்டுப் பெண்களுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. பிளேக்தான் வந்துடுச்சுன்னு அலறிப்போய் தாமஸ் பென்னி என்கிற மருத்துவரைக் கூப்பிட்டு விட்டாங்க. அவர் பார்த்துட்டுச் சிரிச்சாராம், இது மூட்டைப்பூச்சிக் கடின்னு. ஆக அப்பவே அங்கே பூச்சி இருந்திருக்கு. ஆனா 1666ல் லண்டன் தீப்பிடிச்சு எரிஞ்சு, வெளிநாட்டு மரத்தை இறக்கி ஊரைத் திரும்பக் கட்டினாங்க இல்லையா, அதுக்கப்புறம் ஒரு பேச்சு கிளம்பிடுச்சு. பூச்சி அந்த மரத்தோட வந்ததுதான்னு. நம்ம வீட்டுல பொறந்ததுன்னு எவன் ஒத்துக்குவான்?

அந்தப் பேச்சை எழுதி வெச்சவர்களில் ஒருத்தர் ஜான் சவுத்தால். 1730ல் மூட்டைப்பூச்சிக்குன்னே தனியா ஒரு சின்னப் புத்தகம் போட்டார். தலைப்புல அவர் போட்ட சொல் 'பக்'. ஆமாங்க, நாம தினமும் திட்டிக்கிட்டே தேடுற அதே பக்தான். அந்தக் காலத்து ஆங்கிலத்துல அந்தச் சொல் குறிப்பா மூட்டைப்பூச்சியைக் குறிச்சுது. ஆக, நம்ம தொழில்ல எல்லாரும் பரம்பரை மூட்டைப்பூச்சி பிடிக்கிறவங்க :-)

சவுத்தால் ஒரு வியாபாரி. ஜமைக்காவுல அடிமைத்தளையில் இருந்து விடுபட்ட ஒரு கறுப்பின முதியவர்கிட்ட இருந்து ஒரு மருந்து ரகசியத்தை வாங்கி வந்து லண்டன்ல வித்தார். புத்தகமும் அதுக்கு விளம்பரம்தான். ஆனா மனுசன் பூச்சியைக் கண்ணாடிக்குள்ள வளர்த்து, முட்டையில் இருந்து கூர்ந்து பார்த்திருக்கார். மருந்து கிடக்கட்டும், சாமானைப் பத்தி அவர் சொன்னதுதான் முக்கியம். கட்டில் எளிமையா, சுலபமா கழட்டி மாட்டற மாதிரி இருக்கணும், வேலைப்பாடும் இடுக்கும் கூடாது. வீட்டுக்குள்ள வர்ற பெட்டியைப் பார்த்துத்தான் உள்ளே விடணும். சலவைக்காரம்மா கூடையை வாசப்படி தாண்ட விடாதே.

கவனிச்சீங்களா? முதல் யோசனை இன்னிக்கும் சரி. ரெண்டாவதும் சரி. மூணாவதுல ஒரு சறுக்கல். சலவைக்காரம்மா கூடையில் பூச்சி வரலாம், தப்பில்லை. ஆனா அந்தக் கூடைக்குள்ள போனது யார் வீட்டுத் துணி? வரப்போகத் தானே கூடை? அந்தம்மா வீட்டுக்குப் பிரபு வீட்டுப் பூச்சி போயிருக்கும்னு யோசிக்க அங்கே ஆள் இல்லை.

பணக்காரங்க வீட்டுல இல்லாமலா இருந்துச்சு? அதுக்கும் சாட்சி இருக்கு. லண்டன்ல டிஃபின் அண்ட் சன்னு ஒரு கம்பெனி, 1695ல் தொடங்கினது. (நம்ம டிஃபின் இல்லை, அவங்க குடும்பப் பேரு.) அரச குடும்பத்துக்கு மூட்டைப்பூச்சி ஒழிக்கிறது அவங்க வேலை. ஹென்றி மேஹ்யூ என்கிற பத்திரிகையாளர் 19ஆம் நூற்றாண்டு நடுவுல லண்டன் உழைப்பாளிகளைத் தேடித் தேடிப் பேட்டி எடுத்தார். அதுல இந்த டிஃபினும் ஒருத்தர். இளவரசி சார்லட்டோட கட்டில்லயே ஒரு பூச்சியைப் பிடிச்ச கதையை அவர் சொல்றார். ஒண்ணும் இல்லைன்னு சொல்லி வாய் மூடலை, அதுக்குள்ள ஒண்ணு மாட்டிடுச்சாம். நேத்து ராத்திரி என்னைப் படுத்தினது இதுதான், விட்டுடாதேன்னு இளவரசி சொன்னாங்களாம்.

அதே பேட்டியில் இன்னொண்ணும் சொல்றார். தான் மேல்தட்டு ஆளுங்க வீட்டுல மட்டும்தான் வேலை பார்ப்பதா. சொந்தக் குதிரை வண்டி வெச்சிருக்கிற வீடுகள். அங்கே மாளிகைக்குள்ள போய்ப் பார்த்துட்டு, வேலையை முடிச்சுட்டு வந்துடுவாங்க. எந்தச் சாமானும் தெருவுக்கு வராது.

*

ஏழைகளுக்கு நடந்தது வேற.

1930க்கு அப்புறம் பிரிட்டன்ல குடிசைப்பகுதிகளை இடிச்சு, நகராட்சிகளே புது வீடு கட்டிக் கொடுத்தாங்க. நல்ல காரியம், அதுல சந்தேகமே இல்லை. பழைய வீடுகள்ல சுவத்துக்குள்ளயே பூச்சி ஊறிக் கிடந்துச்சு. எவ்வளவு சுத்தமா இருந்தாலும் பக்கத்து வீட்டுச் சுவர் வழியா வரும். 1934ல் சுகாதார அமைச்சகம் மூட்டைப்பூச்சிக்குன்னே ஒரு அறிக்கை போடற அளவுக்குப் பிரச்சனை. புது வீட்டுக்கு மக்களைக் கூட்டிட்டுப் போனா பூச்சியும் கூடவே போகும். என்ன பண்றது?

லீட்ஸ் மாதிரி நகரங்கள்ல வண்டி வந்துச்சு. குடும்பத்தோட மேசை, நாற்காலி, அலமாரி எல்லாத்தையும் மூடின வண்டியில் ஏத்தி, ஹைட்ரஜன் சயனைடு வாயுவை உள்ளே விடுவாங்க. கொடிய விசம். மெத்தையும் தலையணையும் அந்த வாயுவை உறிஞ்சி வெச்சுக்கும். சரியாக் காத்தாட விடலைன்னா ராத்திரி அதுல படுக்கிறவனுக்கே ஆபத்து. அதனால படுக்கையைத் தனியா எடுத்து நீராவியில் வேக வைப்பாங்க. அப்புறம் காத்தாட விட்டு, புது வீட்டுல கொண்டு போய் இறக்குவாங்க.

இஞ்சினியரா பார்த்தா, அருமையான ஏற்பாடு. சாமானோட போறதைச் சாமான்லயே மடக்கறாங்க. பொருளை எரிக்கலை, தூக்கிப் போடலை. திருப்பிக் கொடுத்தாங்க. எங்களை விட ஆயிரம் மடங்கு மேல்.

ஆனா தெருவுல நிக்கிற ஆளாப் பாருங்க. பட்டப்பகல்ல வாசல்ல வண்டி நிக்குது. உங்க வீட்டுச் சாமான் ஒவ்வொண்ணா ஏறுது. அக்கம்பக்கம் பார்க்குது. 1937ல் வெளிவந்த 'தி ரோட் டு விகன் பியர்' புத்தகத்துல ஜார்ஜ் ஆர்வெல் இதை எழுதியிருக்கார். புது வீட்டுக்குப் பூச்சியைக் கொண்டு போறது வருத்தமான விசயம்தான்னு ஒத்துக்கிறார். ஆனா மனுசங்களை ஆட்டு மந்தை மாதிரி மருந்துத் தொட்டியில் முக்கி எடுக்கிற நிலைமை அதை விட மோசம்னு சொல்றார். முதல்ல படிச்சப்போ, என்னய்யா இவர், நல்லது பண்ணினாலும் குத்தம் சொல்றாரேன்னு தோணுச்சு. அப்புறம் அந்த இலவம்பஞ்சுத் தலையணை ஞாபகம் வந்துச்சு.

ஒரு வேளை அந்த வண்டி எல்லா வீட்டு வாசலுக்கும் வந்திருந்தா அவமானமா இருந்திருக்காது. குடிசையில் இருந்து போறவனுக்கு மட்டும் வந்துச்சு. டிஃபின் கம்பெனியோட வாடிக்கையாளருக்கு வரலை.

*

அப்புறம் வந்துச்சு டி.டி.டி. பால் முல்லர் என்கிற சுவிஸ் வேதியியலாளர் 1939ல் அது பூச்சியைக் கொல்றதைக் கண்டுபிடிச்சார், 1948ல் நோபல் பரிசு. சாமானைக் கழட்ட வேண்டாம், வேக வைக்க வேண்டாம், வண்டி வேண்டாம். சுவத்துலயும் கட்டில்லயும் அடிச்சு விட்டா மாசக்கணக்கா நிக்கும். பணக்கார நாடுகள்ல ஒரு தலைமுறையே மூட்டைப்பூச்சியைக் கண்ணால பார்க்காம வளர்ந்துச்சு.

ஆனா பூச்சி சும்மா இருக்கலை. 1947லயே ஹவாயில் பேர்ல் ஹார்பர் கடற்படைக் குடியிருப்புல டி.டி.டி.க்குச் சாகாத மூட்டைப்பூச்சி கிளம்பிடுச்சு. அதே 1947 செப்டம்பர்லதான் ஹார்வர்டு மார்க் 2 கம்ப்யூட்டருக்குள்ள ஒரு அந்துப்பூச்சி மாட்டி, அதை எடுத்து லாக் புத்தகத்துல ஒட்டி வெச்சாங்க. ஒரே வருசத்துல ரெண்டு பக் ரிப்போர்ட். அந்துப்பூச்சி கேஸ் அன்னிக்கே குளோஸ் ஆயிடுச்சு. மூட்டைப்பூச்சி கேஸ் இன்னும் ஓபன் :-(

இந்தியாவுல 1953ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் ஆரம்பிச்சு, வீடு வீடா டி.டி.டி. அடிச்சாங்க. குறி கொசுதான். மூட்டைப்பூச்சியும் சேர்ந்து செத்ததுல சனங்களுக்குச் சந்தோசம். பூச்சி பழகினதும் அந்தச் சந்தோசம் போச்சு. சாகாத பூச்சியை அந்த மருந்து கிளப்பி விட்டு அலைய வைக்கும். மருந்து அடிச்சா பூச்சி கூடுதுன்னு பல நாடுகள்ல சனங்க மலேரியாக்காரங்களையே வீட்டுக்குள்ள விட மறுத்திருக்காங்க.

அதுக்கப்புறம் நம்ம ஊர்ல டிக்-20. ரசம் வைக்கிற மாதிரி எல்லா வீட்டுலயும் ஒரு பாட்டில் இருந்த காலம்னு அப்பா சொல்லுவார். அந்தப் பேரை நான் முதல்ல படிச்சது செய்தித்தாள்ல. பூச்சியைப் பத்தின செய்தி இல்லை அது. 'மூட்டைப்பூச்சி மருந்து குடிச்சு'ன்னு ஆரம்பிக்கிற செய்தி. கட்டிலுக்கு வாங்கி வெச்ச விசம் வீட்டு அலமாரியில் உக்காந்திருந்தா என்னென்ன நடக்கும்னு நம்ம ஊருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனா அந்த பாட்டில்களுக்கு முன்னாடி எங்க ஆயா பண்ணினது வேற. கயித்துக் கட்டிலை முத்தத்துல போட்டு, வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க ஒவ்வொரு மூட்டுலயும் கயித்து முடிச்சுலயும் ஊத்துவாங்க. அப்புறம் கட்டிலைத் தூக்கித் தரையில் தட்டித் தட்டி, விழறதை நசுக்குவாங்க. லீட்ஸ்ல நீராவின்னா எங்க ஊர்ல அண்டா. கொள்கை ஒண்ணுதான். 50 டிகிரிக்கு மேல சூடு உள்ளே வரைக்கும் போச்சுன்னா, அந்தச் சூடு கொஞ்ச நேரம் நின்னுச்சுன்னா, பூச்சியும் முட்டையும் காலி. சூட்டுக்கு மட்டும் அது இன்னும் பழகலை.

1990கள் கடைசியில் இருந்து பணக்கார நாடுகளுக்கும் பூச்சி திரும்பி வந்துச்சு. விமானப் பயணம் கூடுச்சு, புது மருந்துகளுக்கும் பூச்சி பழகிடுச்சு. நியூயார்க்ல 2010ல் ஒரு சட்டமே போட்டாங்க. வீட்டுல மூட்டைப்பூச்சி இருந்துச்சா இல்லையான்னு ஓனர் வாடகைக்கு வர்றவங்ககிட்ட எழுதிக் கொடுக்கணும். எனக்குப் பிடிச்ச சட்டம் அது. அவமானமா ஒளிக்கிறதை ஒரு தகவலா மாத்திடுச்சு.

2023ல் பாரீஸ்ல பெரிய பீதி. மெட்ரோவுல, சினிமா தியேட்டர்ல மூட்டைப்பூச்சின்னு ஊரே பதறுச்சு. கூடவே ஒரு வதந்தி, உக்ரைன் அகதிகளோடதான் பூச்சி வந்துச்சுன்னு. ரஷ்யத் தொடர்புள்ள கணக்குகள் அதை ஊதிப் பெருசாக்கினதா 2024ல் பிரெஞ்சு அமைச்சரே சொன்னார். 1666ல் வெளிநாட்டு மரம், 2023ல் அகதியோட பை. கடைசியா வாசப்படி ஏறினவன் யாரோ அவன் மேல பழி.

*

கொசுவத்தியோட மிச்சம்.

தம்பி சாமானைப் போட்டதுக்கு அப்புறமும் பூச்சி போகலை. வெறும் பாயில் படுத்தான், அப்பவும் தடிப்பு. மூணு வாரம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை என் கட்டில் ஒரு பக்கம் ஆடுதேன்னு ஸ்குரூ முடுக்கப் போனேன். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின மரக்கட்டில். அவன் வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடி நான் பேரம் பேசி வாங்கினது. தலைமாட்டுப் பலகையைக் கழட்டினா, மூட்டுக்குள்ள மிளகு தூவின மாதிரி கருப்புப் புள்ளி. உரிச்ச தோல். முட்டை. எல்லா சைஸ்லயும் பூச்சி. அது மேலதான் நான் மாசக்கணக்கா நிம்மதியா தூங்கியிருக்கேன். எனக்குத் தடிக்கலை, அவ்வளவுதான். என்னைக் குடிச்சுட்டு மிச்சத்துக்குத் தரையில் படுத்தவன்கிட்ட போயிருக்கு.

எர்ரர் தெரியற இடத்துல பக் இருக்கணும்னு அவசியம் இல்லைன்னு ஆபீஸ்ல தினமும் பேசறோம். வீட்டுல அந்தப் பாடம் மறந்துபோச்சு. தடிப்பு தெரிஞ்சவன் குற்றவாளி, தடிக்காதவன் நீதிபதி.

அப்புறம் ஒழுங்கா வேலை பார்த்தோம். கட்டிலை முழுசாக் கழட்டி, ஆயா வழியில் ஒவ்வொரு மூட்டுலயும் கொதிக்கிற தண்ணி. துணியையெல்லாம் அறையிலயே பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அதுக்கப்புறம்தான் வெளியே எடுத்தோம். திறந்தபடி தூக்கிட்டுப் போனா வழியெல்லாம் விதைச்சுட்டே போற மாதிரி. வெந்நீர்ல துவைச்சு, தையல் ஓரம் பூரா அயர்ன் பாக்ஸ். துவைக்க முடியாததை, புத்தகம் உட்பட, பையில் போட்டு வாயை டேப் ஒட்டி மாசக்கணக்கா மூடி வெச்சோம். வெயில்ல காயப் போட்டா போதும்னு நெனைச்சிருந்தேன். மெத்தையின் மேல்பக்கம் சுடும், பூச்சி அடிப்பக்க நிழலுக்கு நகர்ந்துடும். கட்டில் காலுக்கு வழவழப்பான கிண்ணம் வெச்சா ஏறாதுன்னு வெளிநாட்டுல சொல்லுவாங்க. ஆனா நம்ம ஊர் இனத்தோட கால்ல ஒட்டும் முடி அதிகம், அது வழுக்கற பரப்புலயும் ஏறிடும்னு 2017ல் ஒரு ஆராய்ச்சி சொல்லுது. அதனால கிண்ணத்தை நம்பலை. முட்டை தப்பிச்சிருந்தா பொரிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ரெண்டு வாரம் கழிச்சு எல்லாத்தையும் இன்னொரு தடவை செஞ்சோம். போயே போச்சு.

கவனிச்சுப் பாருங்க, இதுல எதுக்குமே ஒரு சாமானையும் தூக்கிப் போட வேண்டிய தேவை வரலை. என் கட்டிலையே போடலை! பூச்சிக்கூட்டமே இருந்த என் கட்டில் தப்பிச்சுது. ஒண்ணோ ரெண்டோ ஏறியிருந்த அவன் தலையணை குப்பைக்குப் போச்சு. தெருமுனையில் அதை யாராவது எடுத்துட்டுப் போயிருந்தா, அவங்க வீட்டுக்கும் பூச்சியை அனுப்பி வெச்சிருக்கோம்.

கட்டிலைக் கண்டுபிடிச்ச அன்னிக்கே அவன்கிட்ட சாரி சொன்னேன். "பரவால்லைண்ணே"ன்னுட்டான். அந்த வருசமே ஓசூர்ல வேலை கிடைச்சுப் போயிட்டான். போன மாசம் வீடு மாத்தின அன்னிக்கு ராத்திரி, புது வீட்டுல தூக்கம் வராம, ரொம்ப நாள் கழிச்சு அவனுக்குப் போன் பண்ணினேன். கல்யாணம் ஆகி ஒரு பொண்ணு இருக்கு. ஊர்க்கதையெல்லாம் பேசிட்டு, மெதுவா தலையணை பேச்சை எடுத்தேன். சிரிச்சான். "அத இன்னுமா நெனச்சுட்டு இருக்கீங்க? அம்மாகிட்ட பஸ்ல விட்டுட்டேன்னு சொன்னேண்ணே. ஒரு வாரம் திட்டுச்சு. அப்புறம் வேற தைச்சுக் குடுத்துடுச்சு."

உண்மையை அவன் அம்மாகிட்ட சொல்லலை. ஏன்னு நான் கேக்கலை.

ஆங், அந்த லோடு ஏத்தற அண்ணன். அவர் கேட்டதுக்கு, "இப்ப இல்லைண்ணே. ஆறேழு வருசம் முன்னாடி இருந்துச்சு. இருந்தா சொல்லியிருப்பேன்"னேன். அவர் கட்டிலைச் சாய்ச்சு, மூட்டுல ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பார்த்துக்கிட்டே சொன்னார். "இருக்குன்னு சொல்றவங்களால தொந்தரவே இல்ல சார். கவரைச் சுத்தி ஏத்திட்டுப் போயிருவோம். இல்லவே இல்லன்னு அடிச்சுச் சொல்றாங்க பாருங்க, அங்கதான் வண்டியோட மாட்டிக்கிறோம்."